‘வயதோடு நூறு’ என்னும் கணக்கைக் கைவிடுவோம்

புறநோயாளிகள் பிரிவில் முதியோர் ஒருவரின் இரத்த அழுத்தத்தை அளந்து சொல்லும்போது, உடன் வந்திருக்கும் மகனோ மகளோ பெரும்பாலும் ஒரே பதிலைத் தருகின்றனர். “அப்பாவுக்கு எழுபத்திரண்டு ஆகிறது, டாக்டர். இந்த வயதில் நூற்று எழுபது இருக்கத்தானே செய்யும்?” என்கின்றனர். இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. வயதுடன் நூறைக் கூட்டினால் வரும் எண்ணே அந்த வயதுக்குரிய இரத்த அழுத்தம் என்பது அந்தக் கணக்கு. ஒரு காலத்தில் மருத்துவர்களே அதைச் சொல்லி வந்தனர். மருத்துவ உலகம் அதைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் வீடுகளில் மட்டும் அது இன்னும் வழக்கில் இருக்கிறது.

இந்தக் கணக்கு தவறானது என்பதும், தடுத்திருக்கக்கூடிய பக்கவாதத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் அது இன்றும் வழிவிடுகிறது என்பதும் என் திடமான கருத்து. முதுமையில் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு உயர்வதற்கு முதன்மையான காரணம் தமனிகள் நெகிழ்ச்சியை இழந்து விறைத்துப் போவதாகும். இவ்விறைப்பு முதியோரிடம் பரவலாகக் காணப்படுவது உண்மையே. பரவலாகக் காணப்படுவதாலேயே அது தீங்கற்றது ஆகிவிடாது. கண்புரையும் முதியோரிடம் பரவலாகக் காணப்படுகிறது. வயதானால் அப்படித்தான் என்று சொல்லி யாரும் தம் பெற்றோரைப் பார்வையின்றி விட்டுவிடுவதில்லை. தமனி விறைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை, வலிப்பதில்லை. அதனால்தான் அதற்கு அந்த அக்கறை கிடைப்பதில்லை.

பெருந்தமனி செய்யும் பணி

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியை வெறும் குழாய் என்றே பலரும் எண்ணுகின்றனர். தெருவிலுள்ள அடிகுழாயை நினைத்துப் பாருங்கள். கைப்பிடியை அழுத்தும்போது நீர் கொட்டுகிறது. கைப்பிடி மேலே எழும்போது நின்றுவிடுகிறது. இதயமும் அவ்வாறே விட்டுவிட்டுத்தான் இரத்தத்தைத் தள்ளுகிறது. ஆயினும் மூளைக்கும் சிறுநீரகங்களுக்கும் இரத்தம் இடைவிடாமல் சென்றுகொண்டிருக்கிறது. இதை நிகழ்த்துவது பெருந்தமனியின் நெகிழ்ச்சியாகும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தில் பாதியளவைப் பெருந்தமனி விரிந்து தன்னுள் வாங்கிக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும் வேளையில் தானே சுருங்கி அதை முன்னே அனுப்புகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் 1733-ஆம் ஆண்டிலேயே இதை உணர்ந்து, அக்காலத் தீயணைப்புப் பொறிகளில் நீரைச் சீராகப் பாயச்செய்த காற்றறையோடு தமனிகளை ஒப்பிட்டார்.

இந்த நெகிழ்ச்சியைத் தருவது எலாஸ்டின் என்னும் புரத இழை. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவாகும் இவ்விழையை உடல் பிற்காலத்தில் அநேகமாகப் புதுப்பிப்பதில்லை. இதயம் நிமிடத்திற்கு எழுபது முறை துடிப்பதாகக் கொண்டால், ஒரு நாளில் ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. எழுபது வயதிற்குள் 250 கோடி முறைக்கு மேல் துடித்துவிடுகிறது. அத்தனை முறையும் விரிந்து சுருங்கிய இழைகள் நைந்து முறிகின்றன. அவை இருந்த இடத்தில் கொலாஜன் என்னும் விறைப்பான இழைகள் மிகுகின்றன, சுண்ணமும் படிகிறது. நீரிழிவு இருந்தால் இரத்தத்திலுள்ள சர்க்கரை இவ்விழைகளை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பை விரைவுபடுத்துகிறது. புகையிலை, உயர் இரத்த அழுத்தம், நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவையும் அவ்வாறே செய்கின்றன.

இத்தகைய பெருந்தமனியால் இதயம் தள்ளும் இரத்தத்தை முன்போல் விரிந்து ஏற்க முடிவதில்லை. ஆகவே இதயம் சுருங்கும்போது அழுத்தம் மிக உயர்கிறது. இதுவே சிஸ்டாலிக் எனப்படும் மேல் அளவு. தன்னுள் வாங்கி வைத்த இரத்தம் குறைவு என்பதால், இதயம் ஓய்வெடுக்கும்போது அழுத்தம் முன்னிலும் தாழ்கிறது. இது டயஸ்டாலிக் எனப்படும் கீழ் அளவு. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மேல் அளவு வயதோடு ஏறிக்கொண்டே போகிறது. கீழ் அளவோ ஐம்பது வயதையொட்டி உச்சத்தைத் தொட்டு, அதன் பின் இறங்கத் தொடங்குகிறது.

ஆகவே எழுபது வயதுடைய ஒருவருக்கு 168/66 என்று வந்தால், “கீழ் அளவு நன்றாகத்தானே இருக்கிறது” என்று ஆறுதல் கொள்வது பொருந்தாது. அந்தக் கீழ் அளவு தாழ்ந்திருப்பதே விறைப்பின் அடையாளமாக இருக்கலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஏறத்தாழ நாற்பதாக இருப்பது இயல்பு. மேற்சொன்ன முதியவருக்கு அது நூற்றிரண்டு. முதியோரிடம் இவ்வேறுபாடு அறுபதைத் தாண்டினால், பெருந்தமனி விறைத்திருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் கருதுகின்றனர்.

‘அடைப்பு இல்லை’ என்பது பாதி விடை

இதயம் என்றதும் நம் மக்கள் கேட்கும் முதற்கேள்வி, “அடைப்பு இருக்கிறதா?” என்பதே. ஆஞ்சியோகிராம் செய்து அடைப்பு இல்லை என்று சொன்னால், குடும்பமே நிம்மதியுடன் வீடு திரும்புகிறது. அந்த நிம்மதியைக் குறை கூறவில்லை. ஆயினும் அது பாதி விடைதான் என்பதைச் சொல்லவேண்டிய கடமை எமக்கு உண்டு.

அடைப்பு என்பது தமனியின் உட்சுவரில் கொழுப்பு படிந்து வழி குறுகுவது. விறைப்பு என்பது தமனிச் சுவரின் நடு அடுக்கு தன் நெகிழ்ச்சியை இழப்பது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம். ஒன்றின்றி மற்றொன்றும் இருக்கலாம். அடைப்பே இல்லாத ஒருவருக்கும் தமனி விறைப்பு மூன்று வழிகளில் இதயத்தைத் துன்புறுத்துகிறது.

முதலாவது, உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து ஒவ்வொரு துடிப்பிலும் உழைக்கும் இடது கீழறையின் தசை தடித்துப் போகிறது. தடித்த தசைக்குக் கூடுதல் இரத்தம் வேண்டும். இரண்டாவது, இதயத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் இதயம் ஓய்வெடுக்கும் வேளையில்தான் பாய்கிறது. அவ்வேளையின் அழுத்தமோ முன்பே தாழ்ந்துவிட்டது. தேவை கூடிய இடத்தில் வரவு குறைகிறது. மூன்றாவது, தடித்த தசை தளர்ந்து விரிய மறுக்கிறது. அதனால் நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் தேங்கி, மாடிப்படி ஏறும்போதும் படுக்கும்போதும் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. எக்கோ பரிசோதனையில் ‘பம்பிங்’ அறுபது சதவீதம், நன்றாக இருக்கிறது என்று அறிக்கை வரும். அறிக்கை நன்றாக இருக்க, அம்மாவுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று பிள்ளைகள் குழம்புகின்றனர். இதயச் செயலிழப்பில் பம்பிங் குறையாத வகை ஒன்று உண்டு. முதியோரிடமும், குறிப்பாகப் பெண்களிடமும், அது மிகுதி. தமனி விறைப்பும் நீண்டகால உயர் அழுத்தமும் அதற்கான முக்கியக் காரணங்கள்.

இதயத்தோடு இது முடிவதில்லை. இடது மேலறை நாளடைவில் விரிந்து, துடிப்பு ஒழுங்கற்றுப் போகலாம். அந்த ஒழுங்கின்மையால் உண்டாகும் இரத்தக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை விளைவிக்கலாம். இயல்பாகப் பெருந்தமனி தணித்து அனுப்பவேண்டிய துடிப்பின் விசை தணியாமல் மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய குழாய்களைத் தாக்குகிறது. நினைவுத்திறன் குறைவதற்கும் சிறுநீரகம் நலிவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

வயது மட்டுமே காரணமா?

முதுமை வந்தால் அழுத்தம் உயர்ந்தே தீரும் என்பது உண்மையானால், உலகெங்கும் அவ்வாறே நிகழவேண்டும். அவ்வாறு நிகழவில்லை. 32 நாடுகளின் 52 மையங்களில் நடந்து 1988-இல் வெளியான ‘இண்டர்சால்ட்’ ஆய்வில், பிரேசில் நாட்டு அமேசான் காடுகளில் வாழும் யானோமாமி மக்களும் இடம்பெற்றனர். உணவில் உப்புச் சேர்க்கும் வழக்கம் இல்லாத அம்மக்களிடம் வயதோடு இரத்த அழுத்தம் உயரவே இல்லை. அவர்கள் வாழ்க்கை வேறு, நம் வாழ்க்கை வேறு. உப்பு ஒன்றே வேறுபாடு என்றும் நான் சொல்லவில்லை. காலம் தமனியை ஓரளவு நையச் செய்யும் என்பதும் மறுக்க இயலாதது. ஆனால் அழுத்தம் எவ்வளவு உயரும் என்பதைத் தீர்மானிப்பதில் நாம் உண்ணும் முறைக்கும் வாழும் முறைக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது.

சிகிச்சை அளித்தால் பயன் உண்டா என்பது அடுத்த கேள்வி. இதற்கான விடை 1991-இல் கிடைத்தது. அமெரிக்காவில் அறுபது வயதைக் கடந்த 4,736 பேரிடம் ‘ஷெப்’ என்னும் ஆய்வு நடந்தது. இவர்கள் அனைவருக்கும் மேல் அளவு 160 அல்லது அதற்கு மேல். கீழ் அளவு 90-க்குக் கீழ். நாம் இங்கே பேசும் முதியோர் இவர்களேதாம். பாதிப் பேருக்குக் குளோர்தாலிடோன் என்னும் விலை குறைந்த சிறுநீர் பெருக்கி மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி, தேவைப்பட்டோருக்கு வேறு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தனர். மறுபாதியினருக்கு மருந்தற்ற மாத்திரை. ஐந்தாண்டுக் கணக்கில், மருந்து பெறாதோருள் நூற்றுக்கு எட்டுப் பேருக்குப் பக்கவாதம் வந்தது. மருந்து பெற்றோருள் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வந்தது. இதயச் செயலிழப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1997-இல் ஐரோப்பாவில் வெளியான ‘சிஸ்ட்-யூர்’ ஆய்வும் இதே திசையில் விடை தந்தது.

அப்போதும், எண்பதைக் கடந்தவர்களுக்கு மருந்து தேவையா என்ற ஐயம் எஞ்சியிருந்தது. எண்பதும் அதற்கு மேலும் வயதுடைய 3,845 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான ‘ஹைவெட்’ ஆய்வு அதற்கும் விடையளித்தது. மருந்து பெற்றோரிடம் எல்லாக் காரணங்களாலும் நேரும் இறப்பு 21 சதவீதமும், இதயச் செயலிழப்பு 64 சதவீதமும் குறைந்தன. எண்பது வயதிலும் காலம் கடந்துவிடவில்லை என்பதே இதன் பொருள்.

உடைந்த எலாஸ்டின் இழைகளைப் புதுப்பிக்கும் மருந்து இன்று எவரிடமும் இல்லை. இதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ‘தமனியைச் சுத்தம் செய்யும்’, ‘இரத்தக்குழாயை இளமையாக்கும்’ என்று விற்கப்படும் மருந்துகளுக்கும் செலவுமிக்க ஊசித் திட்டங்களுக்கும் ஓய்வூதியத்தைச் செலவிடவேண்டாம் என்பது என் வேண்டுகோள். விறைத்த தமனியின் மீது விழும் சுமையைக் குறைப்பதே நம்மால் இயல்வது. மேற்கண்ட ஆய்வுகளில் உயிர் காத்தது அதுவே. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக வீட்டு வாசலிலும் கிடைக்கும் எளிய மாத்திரைகளே இதற்குப் பெரும்பாலும் போதும்.

அச்சத்திலும் ஒரு நியாயம் உண்டு

மருந்தைத் தயங்கும் குடும்பங்கள் கூறும் காரணம் ஒன்று உண்டு. அதை அலட்சியம் செய்ய இயலாது. “மாத்திரை போட்டதும் அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன செய்வது?” என்கின்றனர். இந்த அச்சம் நியாயமானது. விறைத்த தமனி உயர்வைத் தாங்காததுபோல் தாழ்வையும் தாங்குவதில்லை. படுக்கையிலிருந்து எழும்போது இளையவரின் உடல் நொடிப்பொழுதில் அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளும். முதியவரின் உடலுக்கு அந்த விரைவு இல்லை. வயிறு நிறைய உண்ட பின்னும், இரவில் சிறுநீர் கழிக்க எழும்போதும் அழுத்தம் சட்டென்று தாழக்கூடும். புராஸ்டேட் வீக்கத்துக்கான சில மாத்திரைகள் இதைக் கூடுதலாக்கும்.

இதற்கான தீர்வு மருந்தைக் கைவிடுவது அன்று. நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளப்பதே தீர்வு. அமர்ந்தோ படுத்தோ ஒரு முறை அளந்த பின், எழுந்து நின்ற மூன்று நிமிடத்திற்குள் மீண்டும் அளக்கவேண்டும். மேல் அளவு இருபதோ அதற்கு மேலோ, அல்லது கீழ் அளவு பத்தோ அதற்கு மேலோ தாழ்ந்தால், மருந்தின் வகையையும் அளவையும் மாற்றி அமைக்க மருத்துவருக்கு அது வழிகாட்டும். முதியோர் அனைவருக்கும் முதல் முறை வரும்போதும் மருந்தை மாற்றும்போதும் இச்சோதனையைச் செய்தல் வேண்டும். மருத்துவமனையின் நெரிசலில் இது விடுபட்டுப்போவதுண்டு. “நிற்கவைத்தும் ஒரு முறை பாருங்கள்” என்று நீங்கள் கேட்பது உரிமை. எவரும் அதைத் தவறாகக் கொள்ளமாட்டார்.

எந்த அளவு வரை குறைப்பது என்பதற்கும் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. ‘ஹைவெட்’ ஆய்வு மேல் அளவில் 150-ஐ இலக்காகக் கொண்டது. 2015-இல் வெளியான ‘ஸ்பிரிண்ட்’ ஆய்வில் 120-க்குக் கீழே கொண்டுவந்தபோது, எழுபத்தைந்து வயதைக் கடந்தோருக்கும் கூடுதல் பயன் கிடைத்தது. ஆனால் அதில் நீரிழிவு உள்ளோரும், பக்கவாதம் வந்தோரும், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோரும் சேர்க்கப்படவில்லை. காலையில் தனியே பூங்காவில் நடக்கும் எழுபத்தெட்டு வயதுக்காரருக்கும், பிறர் தாங்கினால் மட்டுமே எழக்கூடிய எழுபத்தெட்டு வயதுக்காரருக்கும் ஒரே இலக்கை வைப்பது அறிவுடைமை ஆகாது. முன்னவருக்கு 130-ஐ ஒட்டிக் கொண்டுவர முயல்வேன். பின்னவருக்கு 150-க்குக் கீழ் வந்தாலே நிறைவடைவேன். இருவருக்கும் குறைந்த அளவில் மருந்தைத் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுவதே முறை. ஒரே நாளில் 180-ஐ 120 ஆக்கவேண்டும் என்று அவசரப்படுவது, ஒன்றும் செய்யாமல் விடுவதைப் போன்றே தவறு.

வீட்டில் செய்யத்தக்கவை

சரியாக அளப்பது முதற்பணி. மணிக்கட்டில் கட்டும் கருவியை விட மேற்கையில் கட்டும் கருவி நம்பத்தக்கது. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபியும் புகையும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் அமரவேண்டும். கை இதய மட்டத்தில் ஒரு மேசையின் மீது இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரு முறை அளந்து இரண்டையும் குறியுங்கள். மருத்துவரிடம் வருமுன் ஒரு வாரம் காலையும் மாலையும் இவ்வாறு குறித்து வந்தால், எங்கள் அறையில் ஒரு முறை அளப்பதைவிட அது பன்மடங்கு பயன்தரும். வீட்டில் எடுத்த சராசரி 135/85-ஐத் தொட்டால் அதை உயர் அழுத்தமாகக் கருதுகிறோம். கருவி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண்ணைக் காட்டினாலோ, நாடி ஒழுங்கற்று இருந்தாலோ, உடனே தெரிவியுங்கள். துடிப்பு ஒழுங்கின்மைக்கு அது அறிகுறியாக இருக்கலாம்.

அடுத்தது உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. அது ஒரு தேக்கரண்டி அளவு. முதியோருக்குச் சுவை உணர்வு மங்குவதால், அவர்களே கூடுதல் உப்பைக் கேட்பர். குழம்பில் குறைத்துவிட்டு, தட்டில் ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் கருவாடும் வைத்தால் பயனில்லை. எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், கொத்தமல்லி ஆகியவற்றால் சுவை கூட்டலாம். இந்துப்பு நல்லது என்ற நம்பிக்கை பரவியுள்ளது. அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு வேறு வகை. சீனக் கிராமங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், அதைப் பயன்படுத்தியோரிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆயினும் சிறுநீரகக் குறைபாடு உள்ளோருக்கும், பொட்டாசியத்தை உயர்த்தும் சில இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் அது ஆபத்தானது. மருத்துவரைக் கேட்காமல் வாங்கவேண்டாம்.

மூன்றாவது, மாத்திரைப் பெட்டி. முதியோரின் முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தும், சிறுநீரகத்தையும் தாக்கும். நீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளில் சோடியம் மிகுதி. எத்தனை மாத்திரை கொடுத்தும் அழுத்தம் இறங்கவில்லை என்று வருவோரிடம், வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் காரணம் அங்கேயே கிடைப்பதுண்டு. ஆகவே வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்துகளையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து உணவும் நீரும் உள்ளே செல்லாத நாளில், சிறுநீர் பெருக்கி மாத்திரையைத் தொடர்வதா என்று தொலைபேசியிலாவது கேளுங்கள். கோடையில் இது மிக முக்கியம். மற்ற நாட்களில், எண் நன்றாக வந்துவிட்டது என்பதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்த நல்ல எண்ணைத் தருவதே மாத்திரைதான்.

நான்காவது, நடை. வாரத்திற்கு 150 நிமிடம், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் நடந்தால் போதும். விழாமலிருக்க உதவும் சமநிலைப் பயிற்சியையும் வாரம் மூன்று நாள் செய்வது நன்று. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முயல்வதும் எளிய பயிற்சிகள். புகையிலையை எவ்வடிவில் பயன்படுத்தினாலும் விடவேண்டும். வெற்றிலையோடு மெல்லுவதும் இதில் அடங்கும்.

தமனி விறைப்பை நேரடியாக அளக்கும் கருவிகளும் உள்ளன. நாடி அலை பெருந்தமனியில் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதை அவை கணக்கிடுகின்றன. நெகிழ்ச்சியுள்ள தமனியில் அலை மெதுவாகவும், விறைத்த தமனியில் விரைவாகவும் செல்லும். இளைஞரிடம் நொடிக்கு ஐந்தாறு மீட்டராக இருக்கும் வேகம் பத்து மீட்டரைத் தாண்டினால், பெருந்தமனி கணிசமாக விறைத்துள்ளது என்று பொருள். ஆராய்ச்சிக்கு இது மிகவும் பயனுள்ளது. ஆனால் பெரும்பாலான முதியோருக்கு இச்சோதனை சிகிச்சையை மாற்றப்போவதில்லை. கையில் கட்டும் சாதாரணக் கருவி காட்டும் இரண்டு எண்களே போதும். முழு உடல் பரிசோதனைத் திட்டங்களில் இதற்கெனத் தனிக் கட்டணம் கேட்டால், இதன் முடிவால் என் சிகிச்சை மாறுமா என்று முதலில் கேளுங்கள்.

உடன் வரும் அம்மா

இறுதியாக, இந்த இதழைப் படிக்கும் குடும்பத்தினரிடம் ஒரு குறிப்பான வேண்டுகோள். மாதவிடாய் நின்ற பின் பெண்களின் தமனிகள் விரைந்து விறைக்கின்றன. நடுவயது வரை ஆண்களைவிடத் தாழ்ந்திருக்கும் அவர்களது மேல் அளவு, முதுமையில் ஆண்களை எட்டிப் பிடித்துக் கடந்தும் செல்கிறது. ஆனால் எங்கள் அறையில் நோயாளியின் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் அப்பா. அம்மா கோப்பையும் மருந்துச் சீட்டையும் கையில் பிடித்துக்கொண்டு அருகே நிற்கிறார். எந்த மாத்திரையை எப்போது கொடுக்கவேண்டும் என்று அவரே கேட்டுக்கொள்கிறார். “உங்களுக்குப் பி.பி. பார்த்தீர்களா?” என்று கேட்டால், “எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்” என்பதே பதில். மாடிப்படியில் மூச்சு வாங்குவதை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறார். அப்பாவை அழைத்துவரும் நாளில் அம்மாவின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும்.

முதியவரைப் பற்றிப் பேசும்போது அவருடனேயே பேசுவதும் நம் கடமை. அவர் காதுபட, அவரை விலக்கிவிட்டு, பிள்ளைகளும் மருத்துவரும் முடிவெடுப்பது முறையன்று. விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் மிகுதியா, பக்கவாதம் வந்து பிறரைச் சார்ந்திருக்க நேருமோ என்ற அச்சம் மிகுதியா என்பது அவர் சொல்லவேண்டிய விடை. இலக்கை எங்கே வைப்பது என்பதில் அந்த விடைக்கும் இடம் உண்டு.

அடுத்த முறை வரும்போது மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மேல் அளவு எவ்வளவு? நின்று பார்த்தால் எவ்வளவு? இவருடைய உடல்நிலைக்கு எந்த அளவை நோக்கி, எத்தனை வாரத்தில் கொண்டுசெல்லப் போகிறோம்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்த குடும்பத்தில் பழைய கணக்குக்கு வேலை இராது. இடையில் முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, நெஞ்சு இறுகினாலோ, வீட்டில் அழுத்தத்தை அளந்துகொண்டு நேரத்தைக் கழிக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.